உங்க ஆளுக்கு எத்தனை ஓட்டு?

1

பிக்பாஸைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிற தோழர்கள், ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தங்கள் வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கலாம். ஊரிலும் ஓடுகிறது, சேரியிலும் ஓடுகிறது. குடிசை மாற்று வாரிய அடுக்குமாடியின் நாலாவது மாடியிலும் அதேதான் ஓடுகிறது. வெகுசன ஊடகம் என்றாலே மக்களை மயக்குகிற அபின் என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டு, மறுநாள் காலையில் டீக்கடையில் 'நேத்து அவ பேசினது சரியா தப்பா' என்று ஒரு மணி நேரம் வாதாடுகிற நம்மாட்களைப் பார்த்திருக்கிறேன். நானும் பார்க்கிறவன்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்கிறவனாகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு வீடு. சுற்றிலும் காமிரா. உள்ளே பதினைந்து, இருபது பேர். போன் இல்லை, பேப்பர் இல்லை, வெளியுலகம் இல்லை. சுமார் நூறு நாள். வாரா வாரம் ஒருத்தரை ஒருத்தர் 'நாமினேட்' செய்ய வேண்டும். மாட்டியவர்களில் யாரைக் காப்பாற்றுவது என்று பார்க்கிறவர்கள் ஓட்டுப் போட வேண்டும். 1999-ல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்று தொடங்கியது. ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட நாவலில், எல்லோரையும் எந்நேரமும் கண்காணிக்கிற சர்வாதிகாரத்தின் பெயர் அது. பயமுறுத்துவதற்காக ஒருவர் எழுதிய பெயரை ஐம்பதே வருஷத்தில் பொழுதுபோக்கின் பெயராக மாற்றிக் காட்டியது முதலாளியம். 2006-ல் இந்திக்கு வந்தது. 2017 ஜூனில் விஜய் டிவி வழியாகத் தமிழுக்கு வந்தது. ஏழு பருவங்களை கமல்ஹாசன் நடத்தினார். 2024-ல் எட்டாவது பருவத்துக்கு விஜய் சேதுபதி வந்தார்.

இந்த நாட்டில் சேரியில் பிறந்தவன் எப்போதும் நிறுத்திவைத்துப் பார்க்கப்பட்டவன். அவன் உடுத்துவது, நடப்பது, தின்பது, பேசுவது, காதலிப்பது எல்லாவற்றுக்கும் ஊர் மார்க் போட்டிருக்கிறது. இங்கே முதன்முறையாக ரிமோட் அவன் கையில். ஏ.சி. வீட்டுக்குள் இருக்கிற சினிமாக்காரர்களுக்கு அவன் மார்க் போடுகிறான். தீர்ப்புக்கு ஆளாகியே பழக்கப்பட்டவன் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் வந்து உட்காருகிறான். இந்த ருசியைச் சும்மா ஒதுக்கித் தள்ள முடியாது. எனக்கிருக்கிற கேள்வி வேறு. உட்கார்ந்தது நாம்தான், கையில் வைத்திருக்கிற அளவுகோல் யாருடையது?

2

2017 ஜூலை. முதல் பருவம். நடன இயக்குநர் காயத்ரி ரகுராம், நடிகை ஓவியாவைப் பற்றிப் பேசும்போது 'சேரி பிஹேவியர்' என்றார். ஊரெங்கும் பேச்சானது. கண்டனங்கள் வந்தன. புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி சட்ட அறிவிப்பு அனுப்பினார். இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஞாபகம் வைத்திருக்க வேண்டியது வேறொன்று உண்டு.

அந்த வீட்டில் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம் காமிரா ஓடுகிறது. நமக்குக் காட்டுவது ஒரு மணி சொச்சம். மிச்சமெல்லாம் வெட்டி எறியப்படுகிறது. அப்படியானால் அந்த இரண்டு வார்த்தை வாய் தவறி நம் வீட்டுக்குள் வந்து விழவில்லை. ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதைப் பார்த்தார். அதற்கு மேலே ஒருவர் 'இது இருக்கட்டும்' என்றார். பிறகுதான் ஒளிபரப்பானது. சொன்னவருக்குப் பேரும் முகமும் இருந்ததால் திட்டினோம். 'இருக்கட்டும்' என்ற ஆளுக்கு இன்றுவரை பேருமில்லை, முகமுமில்லை. எந்த வாரமும் அவர் நாமினேஷனில் வரமாட்டார்.

அடுத்தது ஓவியாவுக்கு ஆதரவாக எழுந்த கோபம். லட்சக்கணக்கான பேருக்குக் கோபம் வந்தது உண்மை. என்ன கோபம் என்று கிட்டே போய்க் கேட்டால், 'ஓவியாவைப் போய் சேரின்னு சொல்லிட்டாளே' என்கிற கோபம். அந்த 'போய்' என்கிற சொல்லில் எல்லாம் இருக்கிறது. சேரிக்காரியைச் சேரி என்று சொல்லலாம், அதில் தப்பில்லை, தலைவியைச் சொல்லலாமா? திட்டியவரும் சேரி என்றால் கேவலம் என்றார். காப்பாற்ற வந்தவர்களும் சேரி என்றால் கேவலம், ஆகவே அவளை அப்படிச் சொல்லாதே என்றார்கள். இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு விஷயத்தில் கை குலுக்கிக்கொண்டன.

அந்தப் பெண் அப்படி என்ன செய்துவிட்டார்? வாய்விட்டுச் சிரித்தார். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேராகச் சொன்னார். தோன்றினால் ஆடினார், தோன்றினால் படுத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் பேசவில்லை. இதற்காகத்தான் தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. இதெல்லாம் சேரியின் நடத்தை என்றால், ஆமய்யா, அது சேரியின் நடத்தைதான், வைத்துக்கொள் என்று ஒருத்தரும் ஏன் சொல்லவில்லை? எங்க தெருவில் பொம்பளைகள் குழாயடியில் சத்தம் போட்டுச் சண்டை போடுவார்கள். சாயங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்ப்பார்கள். வஞ்சம் வைத்துச் சிரித்துப் பேசுகிற கலை அவர்களுக்குக் கைவரவில்லை. அந்தக் கலைக்கு 'டீசன்சி' என்று பேர்.

சேரி என்ற சொல்லுக்கே வருவோம். சேர்ந்து இருக்கிற இடம் சேரி. பழந்தமிழில் பார்ப்பனச் சேரியும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி இருக்கிறது, ஈழச்சேரி இருக்கிறது, பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. மற்ற சேரிகள் எல்லாம் காலப்போக்கில் தெருவாகி, நகராகி, அக்கிரகாரமாகி நழுவிப் போய்விட்டன. சொல் மட்டும் நம் தலையில் வந்து நின்றது. புதுச்சேரிக்கு உல்லாசப் பயணம் போகிறவனுக்கும் வேளச்சேரியில் ஃபிளாட் வாங்குகிறவனுக்கும் அந்தச் சொல் நாறுவதில்லை. நாற்றம் சொல்லில் இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

2023 நவம்பரில் நடிகை குஷ்பு 'சேரி மொழி' என்று எழுதினார். எதிர்ப்பு வந்ததும், பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்று அர்த்தம் என்றார். ஆறு வருஷம் கழித்தும் சொல் அதே இடத்தில்தான் கிடந்தது. எடுத்துப் பயன்படுத்த யார் வேண்டுமானாலும் வரலாம்.

3

பார்க்கிறவன் யாரை நேசிக்கிறான் என்பதைவிட யாரை வெறுக்கிறான் என்பதில்தான் அவன் யாரென்று தெரியும்.

முதல் பருவத்தில் ஜூலி. 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழக்கம் போட்டுப் பிரபலமானவர். அந்தப் போராட்டத்தின் மீது, அந்த மாட்டின் மூக்கணாங்கயிறு எந்தச் சாதியின் கையில் இருக்கிறது என்பதன் மீது, நமக்கு விமர்சனம் உண்டு. அது தனி. ஜூலி ஒரு நர்ஸ். வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பெண். சினிமாக்காரர்கள் நிறைந்த வீட்டுக்குள் சினிமா பின்னணி எதுவும் இல்லாமல் போனார். எல்லோருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்தார். பெரிய இடத்துக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தார். ஓவியா விஷயத்தில் நடக்காததை நடந்ததாகச் சொன்னார். கமல்ஹாசன் காட்சியைப் போட்டுக் காட்டினார். 'குறும்படம்' என்கிற வார்த்தைக்குத் தமிழில் புது அர்த்தம் அன்றைக்குத்தான் பிறந்தது.

ஜூலி பொய் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பொய் சொன்ன ஒரே ஆள் ஜூலியா? கோள் சொன்னவர்கள், கூட்டம் சேர்த்து ஒருத்தரை ஒதுக்கியவர்கள் எத்தனை பேர்? நடிகர் பரணியை யாரும் பேசாமல் தனிமைப்படுத்தி, அவர் சுவரேறித் தப்பிக்கப் பார்க்கிற அளவுக்குக் கொண்டுபோன வீடு அது. அவர்களில் பலர் வெளியே வந்ததும் பழையபடி சினிமா, டிவி என்று போய்விட்டார்கள். ஜூலிக்குக் கிடைத்ததோ ஊர் கூடிக் கூச்சல். வருஷக்கணக்கில் வசை. வசையின் பாஷையைக் கவனித்தால் பொய்க்காகத் திட்டுகிறது மாதிரி இல்லை. மூஞ்சியைப் பார், பேச்சைப் பார், உனக்கெல்லாம் இது தேவையா என்கிற பாஷை. தன் இடத்தைவிட்டு ஏறப் பார்த்தவளுக்கு விழுகிற அடி அது. சனி, ஞாயிறு நிகழ்ச்சியைச் சனங்கள் 'பஞ்சாயத்து' என்று சொல்வது சும்மா இல்லை. கைகட்டி நின்றவனுக்கு ஒரு தண்டம், துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு தண்டம் என்பது பஞ்சாயத்தின் பழைய சட்டம்.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதியும் அல்ல. இங்கிலாந்தில் ஜேட் கூடி என்றொரு பெண். தெற்கு லண்டனில் பெர்மாண்ட்ஸி என்கிற உழைப்பாளிகள் பகுதியைச் சேர்ந்தவர். பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை. 2002-ல் 'பிக் பிரதர்' மூன்றாம் பருவத்துக்குப் போனார். சொந்த நாட்டின் கிழக்குப் பகுதி ஒன்றின் பேரே தெரியவில்லை, அது வெளிநாடு என்று நினைத்துவிட்டார் என்று தேசமே சிரித்தது. பத்திரிகைகள் அவரைப் பன்றி என்று எழுதின. நாலாவது இடம்தான் வந்தார். ஆனால் அந்தச் சிரிப்பையே மூலதனமாக்கிப் பணம் சம்பாதித்துக் காட்டினார்.

2007 ஜனவரியில் பிரபலங்களுக்கான 'பிக் பிரதர்' வீட்டுக்குள் போனார். அங்கே நம்ம ஊர் ஷில்பா ஷெட்டி. ஜேடும் கூட இருந்த இரண்டு பெண்களும் ஷில்பாவைப் படுத்திய பாடு இனவெறிதான். ஷில்பாவின் பேரை 'பாப்படம்' என்று அப்பளமாக்கினார் ஜேட். ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு 44,000-க்கும் மேல் புகார்கள் போயின. ஷில்பா ஜெயித்தார். ஏழையாகப் பிறந்ததால் ஒருத்தி இன்னொருத்தியை மிதிக்க மாட்டாள் என்பதெல்லாம் நாமே உருவாக்கிக்கொண்ட கதை என்பதற்கு ஜேட் சாட்சி. அதே சமயம், 2002-ல் அவரைப் பன்றி என்று எழுதிய அதே பத்திரிகைகள்தான் 2007-ல் மனிதநேயம் பேசின என்பதும் சாட்சி. இனவெறியை ஒரு பல் ஆஸ்பத்திரி உதவியாளின் தலையில் கட்டிவிட்டு மேல்தட்டு கை கழுவிக்கொண்டது.

2008 ஆகஸ்ட். இந்தி பிக்பாஸ் இரண்டாம் பருவம். நடத்தியவர் ஷில்பா ஷெட்டி. போட்டியாளராக ஜேட் வந்தார். வீட்டுக்குள் இருந்தபோதே, காமிரா இருக்கிற அறையில் வைத்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்ற செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. 2009 மார்ச் 22-ல் இறந்தார். வயது 27. தன் கடைசி மாதங்களைக் காமிராவுக்கு விற்று, இரண்டு பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அப்போதும் 'சாவையும் விற்கிறாள்' என்று பேசினார்கள். பிறந்ததிலிருந்து உடம்பை விற்றே, அதாவது உழைத்தே, சாப்பிடுகிற சனங்களுக்கு அந்தக் கணக்கு புரியும். அவர் சாவுக்குப் பிறகு இங்கிலாந்தில் அந்தப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை கூடியது. கேலிச் சித்திரமாக நுழைந்த ஒரு பெண் செய்துவிட்டுப் போன காரியம் இது.

4

பிக்பாஸ் வீட்டில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சமையல் அணி, பாத்திரம் கழுவும் அணி, பாத்ரூம் கழுவும் அணி என்று வேலை பிரிக்கிற இடம். கதாநாயகி கக்கூஸ் கழுவியாக வேண்டும். அடுத்த வாரம் முறை மாறும். பிறப்பைப் பார்த்து வேலை கொடுக்காத ஒரு வீடு தமிழ்நாட்டில் நூறு நாளைக்காவது இருக்கிறது, அதுவும் செட் போட்டு! ஆனால் கவனியுங்கள். அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சண்டை வரும். தோற்றவனுக்குத் தண்டனை என்றால் அங்கே அனுப்புவார்கள். போகிறவர் மூஞ்சி சுருங்கும். பார்க்கிற நாம் 'பாவம்' என்போம். ஒருவாரம் கழுவினால் பாவம், தலைமுறை தலைமுறையாகக் கழுவினால் அது இயற்கை.

அந்த முதல் பருவம் ஓடிக்கொண்டிருந்த 2017 ஜூலையில்தான், மலக்குழிச் சாவுகளையும் துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் 'கக்கூஸ்' என்று ஆவணப்படமாக எடுத்த திவ்யபாரதி, 2009-ஆம் வருஷத்து மாணவர் போராட்ட வழக்கொன்றில் மதுரையில் கைது செய்யப்பட்டார். படத்துக்காக அவருக்குக் கொலை மிரட்டல்களும் ஆபாச வசைகளும் போனில் வந்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டுக்குள் நடிகர்கள் கழுவுகிற கக்கூஸைப் பார்க்க நாடே உட்கார்ந்திருந்தது. நிஜமான கக்கூஸைக் காட்டியவரைப் போலீஸ் கூட்டிப் போனது.

2018 ஜூனில், இரண்டாம் பருவத்தின்போது, படப்பிடிப்புத் தளம் இருந்த வளாகத்தில் ஏ.சி. மெக்கானிக் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். உள்ளே இருக்கிற போட்டியாளர்களுக்கு வியர்க்காமல் பார்த்துக்கொள்ள வந்தவர். பேப்பரில் சின்னதாக வந்தது. அத்தனை காமிராவில் ஒன்றும் அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை. யாரை வெளியேற்றுவது என்று வாரா வாரம் நம்மைக் கேட்கிறவர்கள், இந்த வெளியேற்றத்தைப் பற்றி நம்மை எதுவும் கேட்கவில்லை. நாமும் அவர்களைக் கேட்கவில்லை.

5

பார்க்கிறவர்கள் வாயில் அடிக்கடி வருகிற சொல் 'டிசர்விங்'. அவன் டிசர்விங் இல்லை, அவளுக்கு டைட்டில் கொடுக்கலாம், அவள் டிசர்வ் பண்றா. இந்தச் சொல்லை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். கல்லூரி சேர்க்கையில், வேலை உத்தரவில், பிரமோஷன் லிஸ்டில். தமிழில் 'தகுதி' என்பார்கள். முதல் பருவம் முடிவதற்குள், 2017 செப்டம்பர் 1-ல், பிளஸ் டூவில் 1176 மார்க் வாங்கிய அரியலூர் அனிதாவை இந்தத் தகுதி என்கிற சொல் கொன்றுபோட்டது. ஆகவே இது விளையாட்டுச் சொல் இல்லை.

2018-ல் சூப்பர் சிங்கர் ஆறாவது பருவத்தில் கிராமியப் பாடகர் செந்தில் கணேஷ் ஜெயித்தார். மேடையில் நம்ம சனங்களின் பாட்டு கேட்டது. உடனே முணுமுணுப்பு: 'நாட்டுப்புறப் பாட்டு மட்டும் பாடி ஜெயிச்சுடலாமா? எல்லா வகையும் பாட வேணாமா?' கர்நாடக சங்கீதம் மட்டும் தெரிந்த பிள்ளை வந்தால், தெம்மாங்கு பாடத் தெரியுமா, ஒப்பாரி வைக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டதுண்டா? அது ஆதாரம், இது 'வெரைட்டி'. ஒன்று இசை, இன்னொன்று 'ரவுண்டு'.

2021 அக்டோபரில் தொடங்கிய பிக்பாஸ் ஐந்தாம் பருவத்தில் மேடை நாடகக் கலைஞர் தாமரைச்செல்வியும் கானா பாடகி இசைவாணியும் இருந்தார்கள். இசைவாணி 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாடகி. 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். தாமரை ஊர் ஊராகப் போய் விடிய விடிய நாடகம் ஆடிப் பிழைத்தவர். இவர்களுக்கென்று பார்க்கிறவர்களிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது: வெகுளி. பாவம், வெகுளி, சூது தெரியாது. சரி, பாராட்டுதானே என்று நினைக்கலாம். அந்த வெகுளி ஒருநாள் கணக்குப் போட்டு விளையாடட்டும், கோபப்பட்டுக் கத்தட்டும், உடனே 'வெகுளி மாதிரி நடிக்கிறா' என்பார்கள். மற்றவன் தந்திரம் செய்தால் 'கேம்', இவள் செய்தால் 'வேஷம்'. ஏழைக்கு இரண்டே பாத்திரம்தான்: ஏமாளி அல்லது ஏமாற்றுக்காரி. விடிய விடிய ராஜாவாகவும் ராணியாகவும் ஆடிய ஒரு கலைஞருக்கு, புத்தியும் உண்டு என்று மட்டும் ஒப்புக்கொள்ள மனசு வராது.

ஆறாவது பருவத்தில் திருநங்கை ஷிவின் மூன்றாம் இடம் வரை வந்தார். நிதானமாக, தெளிவாகப் பேசி வந்த இடம். அவருக்கும் 'சிம்பதி ஓட்டு', 'கோட்டா' என்று பேசினார்கள். இந்தியாவில் யார் எங்கே ஜெயித்தாலும், ஜெயித்தவர் வழக்கமான ஆள் இல்லையென்றால், கோட்டா என்று ஒரு துண்டுச்சீட்டை ஒட்டிவிடலாம். ஆயிரம் வருஷமாக ஒரே கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும் அந்தச் சீட்டு ஒட்டாது.

6

அந்த ஆறாவது பருவத்துக்குத்தான் முக்கியமாக வர வேண்டியிருக்கிறது. 2022 அக்டோபர் முதல் 2023 ஜனவரி வரை. பத்திரிகையாளரும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் செய்தித் தொடர்பாளருமான விக்ரமன் போட்டியாளராகப் போனார். 'அறம் வெல்லும்' என்பது அவருடைய வாசகம். எதிரில் சீரியல் நடிகர் அசீம். எகிறுவதும் ஒருமையில் பேசுவதுமாக இருந்து கமல்ஹாசனிடம் திரும்பத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டவர். கடைசி வாரத்தில் தொல். திருமாவளவனே விக்ரமனுக்கு ஓட்டுக் கேட்டார். அதற்கும் விமர்சனம் வந்தது. ஜனவரி 22-ல் அசீம் ஜெயித்தார். விக்ரமன் இரண்டாமிடம்.

அந்த நாட்களில் பேங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி வரும். 'சார், உங்க ஆளு எப்படி ஆடுறாரு?' வேறு யாரிடமும் கேட்கப்படாத கேள்வி. டப்பாவைத் திறந்துகொண்டே, சிரித்துக்கொண்டே கேட்பார்கள். எந்த ஆளு, எப்படி என் ஆளு? கட்சியை வைத்துப் போட்டியாளருக்குச் சாதி கண்டுபிடித்து, போட்டியாளரை வைத்து என்னுடையதை ஊர்ஜிதம் செய்துகொள்கிற கணக்கு. சர்வீஸ் ரிஜிஸ்டரைத் திறந்து பார்க்க வெட்கப்படுகிறவனுக்கு பிக்பாஸ் ஒரு சௌகரியம். அசீமுக்கு ஓட்டுப்போட்டவரிடம் 'உங்க ஆளு' என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு இருந்தது 'சாய்ஸ்'; எனக்கு மட்டும் 'ஆளு'.

விக்ரமன் அந்த வீட்டுக்குள் கண்ணியம், சமத்துவம் என்றெல்லாம் பேசியது கேட்கவேண்டிய பேச்சு. அதைக் கேட்டிராத வீடுகளுக்குள் அது போனது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறம் என்பதை ஓட்டுக்கு நிறுத்தினால், தோற்ற மறுநாள் என்ன சொல்வது? அறம் இரண்டாமிடம் என்றா? சேனலுக்கு அறமும் ஒரு கேரக்டர், அடாவடியும் ஒரு கேரக்டர். இரண்டும் மோதினால் பார்க்கிற கூட்டம் கூடும். யார் ஜெயித்தாலும் கல்லாப்பெட்டி ஒன்றே.

ஓட்டு என்கிற சங்கதியையும் கொஞ்சம் யோசிக்கலாம். 1932-ல் வட்டமேசை மாநாட்டுக்குப் பிறகு வந்த வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்கு இரட்டை ஓட்டு கிடைத்தது. பொதுத் தொகுதியில் ஒன்று, தனித் தொகுதியில் ஒன்று. காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் என்று படுத்துக்கொண்டார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம். இரண்டாவது ஓட்டு பறிபோனது. அந்த ஒரு கூடுதல் ஓட்டைத் தாங்காத தேசத்தில், 2017-ல் கூகுள் வழியாக ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ஓட்டுப் போடச் சொன்னார்கள். தாராளமாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதில் சத்து இல்லை என்று அர்த்தம். பூத் ஏஜெண்டாக உட்கார்ந்த தோழர்களுக்குத் தெரியும், படிவம் 17சி-யில் எண்ணிக்கை எழுதி வாங்காமல் நாம் எழுந்து வருவதில்லை. இங்கே எண்ணுகிற இடத்தில் நமக்கு ஏஜெண்ட் கிடையாது, படிவம் கிடையாது, மறு எண்ணிக்கை கிடையாது.

அப்படியானால் இந்த மாதிரி ஓட்டால் எதுவுமே நடக்காதா? நடந்திருக்கிறது. 2007-ல் 'இந்தியன் ஐடல்' மூன்றாம் பருவம். டார்ஜிலிங்கைச் சேர்ந்த கூர்க்கா இளைஞர் பிரசாந்த் தமாங். கல்கத்தா போலீசில் கான்ஸ்டபிள். மலை முழுக்க ரசிகர் மன்றங்கள். காசு வசூலித்து, கூட்டமாக உட்கார்ந்து எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். செப்டம்பரில் அவர் ஜெயித்தார். டெல்லியில் ஒரு வானொலித் தொகுப்பாளர், இவரெல்லாம் பாட வந்துவிட்டால் ராத்திரி காவலுக்கு யார் போவது என்ற ரீதியில் கேலி செய்தார். பாடகனானாலும் கூர்க்கா என்றால் வாட்ச்மேன்தான்! மலைச்சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். சிலிகுரியில் கலவரமாகி ராணுவம் வரை வந்தது. ரசிகர் மன்றங்களை முன்னின்று நடத்திய பிமல் குருங், அக்டோபர் 7-ல் கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். தனி மாநிலக் கோரிக்கை மறுபடி எழுந்து நின்றது. அந்தக் கட்சி பிறகு போன பாதை மீது ஆயிரம் கேள்வி இருக்கலாம். நான் சொல்வது அந்தச் செப்டம்பரை மட்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நிகழ்ச்சியிலிருந்து சனங்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுப் போடக் கூடியவர்கள் கலையாமல் கூடியே இருந்தார்கள். இங்கே இயக்கத்தின் பெயரிலிருந்து நிகழ்ச்சி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. நம் பையன்கள் ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு போனில் ஓட்டுப் போட்டார்கள். ஜனவரி 23 காலையில் அந்தக் கூட்டம் எங்கேயும் இல்லை.

ஆகவே, பார்க்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. பாருங்கள். ஆனால் ஆளாளுக்குத் தனியாகப் பார்க்க வேண்டாம். தெருவில் இரவுப் பள்ளி நடத்துகிற தோழர்கள், மாணவர் விடுதியில் இருக்கிற தம்பி தங்கைகள், நாலு பேராக உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் பேசுங்கள். சேரி என்றோ, 'லோக்கல்' என்றோ, 'தரை டிக்கெட்' என்றோ ஒரு வார்த்தை ஒளிபரப்பானால் சொன்னவரோடு நிறுத்தாமல், அதை வெட்டாமல் விட்டவர்கள் யார் என்று சேனலுக்கு எழுதிக் கேளுங்கள். இயக்கத்தின் கொடியையும் தலைவர்களின் வாயையும் இந்த ஓட்டுப் பெட்டிக்கு இனி வாடகைக்குக் கொடுக்க வேண்டாம். நம் ஆள் ஒருவர் உள்ளே போனால் போகட்டும், தன் பேரில் போகட்டும், தன் பேரில் தோற்கட்டும்.

அப்புறம், ஒரு போட்டியாளரைப் பிடிக்கவில்லை என்று போனை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி. இவள் செய்த இதே காரியத்தை அந்த வீட்டிலேயே வசதியான ஒருத்தி செய்தபோது நான் அதற்கு என்ன பேர் வைத்தேன்? தைரியம் என்றா, திமிர் என்றா? பதில் கிடைத்த பிறகு ஓட்டுப் போடலாம்.